மூக்குக்கும் இந்த நோயில் பங்குண்டு

பார்கின்சன் என்றால் கைநடுக்கம். மூளைக்குள் மின்முனை பொருத்தினால் நடுக்கம் அடங்கும். புலன்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கண்டியில் படித்தவர்களே இப்படித்தான் பேசுகிறார்கள். இதில் புலன்களைப் பற்றிய பேச்சுக்கு வயது 200க்கு மேல். 1817இல் இந்நோயை முதன்முதலாக விரிவாக எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சனே, புலன்களும் புத்தியும் கெடுவதில்லை என்று எழுதிவைத்தார். அவர் விவரித்தது ஆறே பேரை. அவர்களிலும் சிலரைத் தெருவில் கண்டதோடு சரி.

மூக்கை எடுத்துக்கொள்வோம். நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோருக்கு மோப்பம் மங்குகிறது, பலருக்கு நடுக்கம் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே. ஹைக்கோ பிராக்கின் ஆய்வுக்குழு 2003இல் முன்வைத்த விளக்கத்தின்படி, நோயின் புரதப் படிவுகள் முதலில் தென்படும் இடங்களில் மூளையின் மோப்பக் குமிழும் ஒன்று. மாத்தளையில் ஏலமும் கராம்பும் தரம் பிரிப்பவருக்கும், அரைத்த கொழுந்து பதமாகிவிட்டதை மணத்தாலேயே அறியும் மலைநாட்டு டீமேக்கருக்கும் மூக்குப் போனால் தொழிலே போகிறது. வீட்டிலோ ‘வயசு போனால் அப்பிடித்தான்’ என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு ஆறாத கோபம் அந்தப் பேச்சின்மேல்தான்.

சரி, மின்முனை வழியே கருவி தரும் மின்தூண்டல் மூக்கை எட்டுமா? மூளையில் தலாமஸ் என்ற பகுதிக்குக் கீழே உள்ள சிறு நரம்புக் கருவில் மின்முனை வைத்தவர்களை 2005இல் ஜெர்மனியில் சோதித்தார்கள். கருவி ஓடும்போது ஒரு வாசனையிலிருந்து இன்னொன்றைப் பிரித்தறியும் திறன் கூடியது. எவ்வளவு மெல்லிய மணம் மூக்குக்கு எட்டும் என்ற அளவு மட்டும் மாறவில்லை. மூக்கு பழையபடிதான் இருக்கிறது; வந்த மணத்தை மூளை கையாளும் விதம் தேறுகிறது. ஆகவே ‘தொடர்பில்லை’ என்பதும் பிழை, ‘ஒப்பரேசன் செய்தால் வாசம் முழுதாகத் திரும்பும்’ என்று ஆசை காட்டுவதும் பிழை.

கை கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பாராமலே நாம் அறிவதும் ஒரு புலன்தான். ஐந்தில் அதைச் சேர்க்காததால் அதை யாரும் விசாரிப்பதில்லை. பார்கின்சனில் அதுவும் மழுங்குகிறது. கண்டியில் எத்தனையோ வீடுகளுக்குப் படியேறித்தான் போகவேண்டும். அடுத்த படி எங்கே என்று கால் அறியாவிட்டால், நடுக்கமே இல்லாதவரும் விழுவார். கருவி ஓடும்போது இந்த உணர்வு தேறுவதையும் 2005இல் வெளியான வேறொரு ஆய்வு கண்டது. முற்றாக அல்ல, ஓரளவு.

வலியும் இந்த நோயின் பாதி மறைந்த முகம். தசை இறுகி முறுக்கிக்கொள்வதால் வரும் வலி பலருக்கு மின்தூண்டலால் குறைகிறது. முதுகெலும்புத் தேய்மானத்தால் வரும் வலிக்கு அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது. இரண்டையும் ‘உடம்பு நோகுது’ என்ற ஒரே சொல்லில் வைத்தியரிடம் சொன்னால், எது தீரும் எது தீராது என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

இனி அச்சத்தின் பேச்சு: ‘தலைக்குள்ள கரண்ட் போனா உணர்ச்சி மரத்துப்போகும்.’ மின்சாரம் அருகிலுள்ள உணர்வுப் பாதைக்குக் கசிந்தால் கையிலோ முகத்திலோ விறுவிறுப்பு வருவது உண்மை. பெரும்பாலும் அது சில நொடிகளில் அடங்கும். அடங்காவிட்டால் அளவைக் குறைப்பார்கள், அல்லது மின்முனையில் வேறு தொடுமுனையைத் தேர்வார்கள். மூளையின் வேறொரு நரம்புக் கருவில் மின்முனை வைத்தால், அதன் கீழே ஓடும் பார்வைப் பாதை தூண்டப்பட்டு ஒளிப்பொறிகள் தெரியலாம். அதையும் மாற்றியமைக்கலாம். புலனோடு தொடர்பே இல்லாத சிகிச்சையில் இவை ஏன் வரவேண்டும்?

1987இல் பிரான்சின் கிரெநோபிளில் மருத்துவர் அலிம் லூயி பெனாபிட் நடுக்கத்தை அடக்கவே இந்த முறையைத் தொடங்கினார். அதனால் பலன் அளக்கும் படிவங்களும் நடுக்கம், விறைப்பு, நடை என்றே நீண்டகாலம் இருந்தன. கேட்காத கேள்விக்குப் பதில் வராது. கிளினிக்குக்குப் போகிறவர்கள் மணம், வலி, கால் தடம் தப்புவது, விறுவிறுப்பு எல்லாவற்றையும் தாமாகவே சொல்லட்டும். மருந்து வேலை செய்யும் நேரத்தில் எப்படி, வேலை செய்யாத நேரத்தில் எப்படி என்று ஒரு கொப்பியில் தேதியோடு எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. கருவியின் அளவை வைத்தியர் திருத்துவதும் நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான்.