வீட்டுக்கு இப்பவே கையெழுத்துப் போட்டுடலாமா?

எங்கள் பி.காம் செட்டில் மூன்று பேர் இந்த வருடம் அமெரிக்காவில் மேல்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். மூவரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "வீட்டுக்கு இப்பவே கையெழுத்துப் போட்டுடலாமா?" தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள் மக்களே. முகம் பார்க்காத ஆட்களோடு சேர்ந்து ஒரே தாளில் போடவே போடாதீர்கள். இதற்கு நான் கொடுத்த விலையைக் கணக்கோடு சொல்கிறேன். காமர்ஸ் படித்த பாவத்துக்கு அதையாவது செய்ய வேண்டும் :)

மதுரையில் இரண்டு வருடம் பி.காம் படித்துவிட்டு, அக்கவுண்டிங்கைத் தொடர 2024 ஆகஸ்ட்டில் அயோவா சிட்டிக்கு வந்தேன். இந்த ஊர்ப் பெயர் எனக்கு முன்பே அப்பாவுக்குத் தெரியும். அசோகமித்திரன் 1973இல் எழுத்தாளர் பயிலரங்குக்கு வந்து தங்கி, பிறகு 'ஒற்றன்!' எழுதியது இந்த ஊரை வைத்துத்தான். 2020 கணக்கெடுப்பில் இதன் மக்கள்தொகை 74,828. பல்கலைக்கழக மாணவர்கள் மட்டும் சுமார் முப்பதாயிரம். ஃபுட்பால் மேட்ச் அன்று கின்னிக் ஸ்டேடியத்தில் உட்காருகிற கூட்டம் கிட்டத்தட்ட ஒரு முழு ஊருக்குச் சமம்.

சின்ன ஊர்தானே, வீடு சல்லிசாகக் கிடைக்கும் என்று நினைத்தேன். தப்பு. இங்கே வீடுகளும் கல்லூரி காலண்டர்படிதான் நடக்கின்றன. கேம்பஸ் பக்கத்தில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆரம்பித்து அடுத்த ஜூலை கடைசியில் முடியும். அடுத்த ஆகஸ்ட்டுக்கான வீட்டைக் குளிர்காலத்திலேயே பேசிவிடுகிறார்கள். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிற நமக்கு இது பழக்கமான சமாச்சாரம். அதனால்தான் சீனியர்கள் எல்லோரும் "உடனே போடு, உடனே போடு" என்கிறார்கள்.

நானும் போட்டேன். பிப்ரவரியில் ஒரு வாட்ஸப் குழுவில் நான்கு பேர் சேர்ந்தோம். நான்கு படுக்கையறை, மாதம் 2,000 டாலர், ஆளுக்கு 500. ஒப்பந்தம் பதினெட்டு பக்கம். நான் படித்தது வாடகைத் தொகையும் கையெழுத்துப் போடுகிற இடமும். அப்பாவிடம் "லீஸ் போட்டாச்சுப்பா" என்றதும் அவருக்குச் சந்தோஷம். நம்மூர் லீஸ் என்றால் ஒத்திதானே! மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருந்து, காலி பண்ணும்போது முழுசாக வாங்கிக்கொள்வது. அப்படி இல்லை என்று புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டு, அட்வான்ஸில் கழித்துக்கொண்டு கிளம்புகிற வழக்கமும் இங்கே கிடையாது. பன்னிரண்டு மாதம் என்றால் பன்னிரண்டு மாதம்.

ஜூலையில் எங்கள் நாலாவது ஆளுக்கு விசா மறுத்துவிட்டார்கள். படிப்பு முடிந்து ஊர் திரும்புவான் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லையாம். ஆகஸ்ட்டில் நாங்கள் மூன்று பேர் நான்கு அறை வீட்டில் வந்து இறங்கினோம். ஒருத்தர் வரவில்லை என்று வீட்டு அலுவலகத்தில் சொன்னால், "அது உங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம்" என்றார்கள்.

அப்போதுதான் ஒப்பந்தத்தை முழுசாகப் படித்தேன். நால்வரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று ஒரு வரி. அதாவது மொத்த வாடகையையும் எங்களில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். இதைத்தான் பிசினஸ் லா வகுப்பில் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 43 என்று உருப்போட்டோம். சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் எவரிடமும் முழுசையும் கேட்கலாம், கொடுத்தவர் மற்றவர்களிடம் அவரவர் பங்கை வசூலித்துக்கொள்ளலாம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன், கையெழுத்துப் போடும்போது மறந்துவிட்டேன்.

வசூலித்தோமா? வசூலித்தோம். அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. வராத வீட்டுக்கு அவன் இரண்டு மாத வாடகை அனுப்பினான். ரூபாயில் எண்பதாயிரத்துக்கு மேல். அவன் அப்பா மளிகைக் கடை வைத்திருப்பவர். "பங்கை அனுப்பச் சொல்லுங்கடா" என்று குழுவில் ஒருவன் எழுதியபோது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவர்களில் நானும் ஒருவன். மூன்றாவது மாதம் அவன் எதுவும் சொல்லாமல் குழுவிலிருந்து வெளியேறினான். சட்டப்படி எங்கள் பக்கம் நியாயம். இன்றுவரை அவனுக்கு போன் பண்ண எனக்கு முகம் இல்லை.

மீதிக் கணக்கு: அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆளுக்கு மாதம் 167 டாலர் கூடுதல். ஜனவரியில் 300 டாலருக்கு ஒருவர் உள்வாடகைக்கு வந்தார். அதன்பிறகு ஏழு மாதம் ஆளுக்கு 67. மொத்தம் 970 டாலர் சொச்சம். மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும்போது வாரம் இருபது மணி நேரம்தான், அதுவும் கேம்பஸுக்குள்தான் வேலை பார்க்கலாம். உணவுக்கூடத்தில் மணிக்கு 12 டாலருக்குத் தட்டு கழுவினேன். ஆக, அந்த ஒரு கையெழுத்துக்கு எண்பது மணி நேரத் தட்டு.

"அப்புறம் வீடே கிடைக்காவிட்டால்?" என்று கேட்பீர்கள். கேம்பஸை ஒட்டி கிடைக்காமல் போகலாம். ஆனால் 1972 முதல் ஓடும் கேம்பஸ் (கல்லூரி பஸ்ஸின் பெயரும் அதுதான்) எல்லோருக்கும் இலவசம். ஓட்டுகிறவர்களும் பெரும்பாலும் மாணவர்களே. நகரப் பேருந்திலும் 2023 ஆகஸ்ட்டில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். இரண்டு மைல் தள்ளி இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறவர்களும் டிசம்பரில் படிப்பை முடிக்கிறவர்களும் தங்கள் அறையை உள்வாடகைக்கு விடத் தவிப்பார்கள். முதல் செமஸ்டர் அப்படி ஒரு அறையிலோ பல்கலைக்கழக விடுதியிலோ இருங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. முன்கூட்டியே போட்டே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு அறைக்கும் தனி ஒப்பந்தம் தருகிற இடமாகப் பாருங்கள். விசா கிடைக்காவிட்டால் ரத்து என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

விசா நம் கையில் இல்லை என்பதை மறக்காதீர்கள். 2025 மே கடைசியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதுத் தேதி கொடுப்பதையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தார்கள். வீட்டுக்காரர் காலண்டர் பிப்ரவரியில் அவசரப்படுத்தும், தூதரகத்தின் காலண்டர் ஜூலை வரை வாய் திறக்காது. இரண்டுக்கும் நடுவில் மாட்டுவது நாம்தான்.

டிஸ்கி: அயோவா சட்டப்படி அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்து புது முகவரி கொடுத்த முப்பது நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், பிடித்தால் காரணம் எழுதித் தர வேண்டும். குடிபோகிற அன்றே சுவரையெல்லாம் போட்டோ எடுத்து வையுங்கள். அந்த ஒன்றை மட்டும் நான் சரியாகச் செய்தேன்.