நாலு மூலைக்கு நடுவே ஒரு நாற்காலி

எங்கள் சித்தப்பாவிடம் ஒரு பொக்கிஷம் உண்டு. வீட்டுப் பத்திரம் என்றோ நகை நட்டு என்றோ நினைத்து விடாதீர்கள். அது ஒரு கிராமபோன் தட்டு!

1974-ஆம் வருஷம் அவர் லண்டனில் படித்துக் கொண்டிருந்தார். ஒரு வாரம் மத்தியானச் சாப்பாட்டைத் தியாகம் செய்து அந்தத் தட்டை வாங்கினாராம். 'பிங்க் ஃப்ளாயிட்' என்ற ஆங்கில ராக் இசைக் கோஷ்டியாரின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. கறுப்பு உறை, அதில் ஒரு முக்கோணக் கண்ணாடி, ஒரு கோடு வெளிச்சம் அதற்குள் புகுந்து வானவில்லாக வெளியே வருகிறது. உறையின்மேல் 'க்வாட்ரபோனிக்' என்று ஒரு வார்த்தை அச்சாகியிருக்கிறது.

அந்த ஒரு வார்த்தைதான் ஐம்பது வருஷமாகச் சித்தப்பாவை அரித்துக் கொண்டிருந்தது. அந்தத் தட்டை முறைப்படி கேட்க, அறையின் நாலு மூலையிலும் நாலு ஒலிபெருக்கிகள் வேண்டும். நாலு சத்தத்தையும் பிரித்துக் கொடுக்கத் தனியாக ஒரு யந்திரமும் வேண்டும். படிக்கிற பிள்ளையிடம் அதற்கெல்லாம் பணம் ஏது? சாதாரண ஸ்டீரியோப் பெட்டியிலும் அந்தத் தட்டு பாடும் என்பதால், இரண்டு ஒலிபெருக்கிகளிலேயே கேட்டுக் காலம் தள்ளினார். அல்வாக் கடை வாசலில் நின்று மூக்கை மட்டும் நீட்டிய கதைதான்!

சித்திக்கு அந்தத் தட்டைக் கண்டாலே ஆகாது. அதில் ஓரிடத்தில் திடீரென்று பல கடிகாரங்கள் ஒரே சமயத்தில் மணியடிக்கும். கல்யாணமான புதிதில், தொட்டிலில் தூங்கிக் கொண்டிருந்த குழந்தை அந்தச் சத்தத்தில் அலறி எழுந்ததாம். அன்று முதல் சித்திக்கு அது 'கடிகாரக் கூச்சல்'. சமையலறையிலிருந்து காதில் விழுந்ததோடு சரி. உட்கார்ந்து கேட்டதே கிடையாது.

அது என்ன நாலு மூலைச் சமாசாரம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஸ்டீரியோ என்பது மேடைக் கச்சேரி போன்றது. சத்தமெல்லாம் நமக்கு எதிரே இருந்துதான் வரும். ஆனால் கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது மாட வீதியில் நின்று பாருங்கள். நாகஸ்வரம் முன்னால் போகும். மேளம் பக்கத்தில் முழங்கும். முதுகுக்குப் பின்னால் யாரோ குழந்தையை அதட்டுவார்கள். சத்தத்துக்கு நடுவே நாம் நிற்போம். அந்த அனுபவத்தை வீட்டுக் கூடத்துக்குள்ளேயே கொண்டு வந்து விட வேண்டும் என்று 1970-களின் ஆரம்பத்தில் இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு ஆசை வந்தது.

ஆசை நல்ல ஆசைதான். ஆனால் கிராமபோன் தட்டிலே ஊசி ஓடும் பள்ளத்துக்கு இரண்டு சுவர்கள்தானே உண்டு? ஒரு சுவரில் இடப்பக்கத்துச் சத்தம். மறு சுவரில் வலப்பக்கத்துச் சத்தம். அந்த இரண்டுக்குள் நாலைத் திணிப்பது எப்படி?

இங்கேதான் சண்டை ஆரம்பித்தது. அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனியார் 'எஸ்.க்யூ.' என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஜப்பானின் ஸான்ஸுயி கம்பெனியார் 'க்யூ.எஸ்.' என்று இன்னொரு வழி சொன்னார்கள். பெயரைத் திருப்பிப் போட்டதோடு சரியா? ஒன்றுக்கான யந்திரம் மற்றதற்குச் சரிப்படாது! இரண்டு முறையிலும் நாலு சத்தங்களையும் கலந்து இரண்டாக்கி, வீட்டில் மறுபடி நாலாகப் பிரிக்க வேண்டும். சாம்பாரையும் ரசத்தையும் ஒரே சாதத்தில் விட்டுப் பிசைந்து விட்டு, "இப்போது தனித்தனியாக எடு" என்றால் எப்படி வரும்? முன்னால் கேட்க வேண்டியது பின்னாலும் கசியும். பின்னால் கேட்க வேண்டியது முன்னாலும் ஒழுகும்.

ஜப்பானின் ஜே.வி.ஸி. கம்பெனியார் மூன்றாவதாக 'ஸி.டி.-4' என்ற முறையைக் கொண்டு வந்தார்கள். மனிதக் காதுக்கு எட்டுவது விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரையில்தான். அதற்கும் மேலே, 30,000 அதிர்வுள்ள ஓர் அலையில் பின்பக்கத்துச் சங்கதிகளை ஏற்றித் தட்டிலே ஒளித்து வைத்தார்கள். அதைத் தொட்டு எடுக்க 'ஷிபாட்டா' என்ற விசேஷ ஊசி வேண்டும். சாதாரண ஊசியைப் போட்டால் அந்த நுண்ணிய கோடுகள் தேய்ந்தே போகும்.

மூன்று முறை, மூன்று யந்திரம், மூன்று விதத் தட்டுகள். கடைக்குப் போனவர்கள் குழம்பிப் போய்த் திரும்பினார்கள். வாங்கினவர்கள் பாடும் சுகமில்லை. கூடத்தின் நாலு மூலையிலும் பெரிய பெரிய மரப்பெட்டிகள், தரையெல்லாம் கம்பிகள், எல்லாவற்றுக்கும் நடுவே ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தவருக்குத்தான் முழுச் சுகம். வீட்டில் மற்றவர்கள் எங்கே உட்காருவது, எங்கே பெருக்குவது என்பதை எந்தக் கம்பெனியும் யோசித்ததாகத் தெரியவில்லை. 1970-கள் முடிவதற்குள் அந்த வியாபாரம் படுத்து விட்டது.

ஆனால் பாட்டு படுக்கவில்லை!

பிங்க் ஃப்ளாயிட் கோஷ்டியார் இந்த விஷயத்தில் முன்னோடிகள். 1967-ஆம் வருஷம் மே மாதம் 12-ஆம் தேதி, லண்டன் க்வீன் எலிஸபெத் மண்டபத்தில், ஒரு பிடியைத் திருகிச் சத்தத்தை அரங்கின் நாலு புறமும் சுழல விட்டுச் சபையோரைத் திகைக்க வைத்தார்கள். கச்சேரி முடிந்ததும் அந்தக் கருவியை யாரோ திருடிக் கொண்டு போய் விட்டார்கள் என்பது வேறு கதை. பிறகு புதிதாக ஒன்று செய்து கொண்டார்கள்.

சித்தப்பாவின் தட்டு 1973-ஆம் வருஷம் மார்ச்சில் வெளிவந்தது. அதிலுள்ள 'மணி' என்ற பாட்டு காசு பணத்தைப் பற்றியது. ஆரம்பத்தில் சில்லறை குலுங்கும் சத்தத்துக்காக, கோஷ்டியின் ரோஜர் வாட்டர்ஸ் காசுகளை ஒரு பெரிய பாத்திரத்தில் வீசிப் பதிவு செய்தார். யாருடைய பாத்திரம் என்கிறீர்கள்? அவர் மனைவி மண்பாண்டம் செய்பவர். அவர் களிமண் பிசைகிற பாத்திரம்! அந்தச் சத்தத்தையும் கல்லாப்பெட்டிச் சத்தத்தையும் நாடாவில் அளந்து வெட்டி ஒட்டினார்கள். நாலு மூலைப் பதிவில் அந்தச் சத்தங்கள் ஒவ்வொரு மூலையாக அறையைச் சுற்றி நடக்கும்படி செய்தார்கள்.

சித்தியின் 'கடிகாரக் கூச்சல்' பிறந்ததும் இதே முறைக்காகத்தான். ஆலன் பார்ஸன்ஸ் என்ற இளம் ஒலிப்பதிவாளர், நாலு வழி ஒலியின் பெருமையைக் காட்டுவதற்கென்று, ஒரு கடிகாரக் கடைக்குப் போய் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்திருந்தார். அதைத்தான் 'டைம்' என்ற பாட்டின் தொடக்கத்தில் சேர்த்தார்கள். நாலு மூலைக்கான கலவையைத் தயாரித்தவரும் அவரே.

கலவை என்றேனே, அது சாதாரண விஷயமல்ல. அந்த இசையை 16 தடங்கள் உள்ள நாடாவில் தனித்தனியாகப் பதிவு செய்திருந்தார்கள். நாலு மூலைக்கென்றால் முதலிலிருந்து மறுபடி கலக்க வேண்டும். காய்கறி அதேதான்; சமையல் புதிது. ஸ்டீரியோவில் பின்னால் ஒளிந்திருந்த ஒரு குரலோ வாத்தியமோ இங்கே தனித்து நிற்கும். இப்படிப் பல கோஷ்டிகளின் தட்டுகள் இரண்டு பதிப்பாக இருந்தன. ஒன்றை உலகம் கேட்டது; மற்றது கிடங்கில் தூங்கியது.

கிடங்கிலும் நிம்மதி கிடையாது. 1970-களின் நாடாக்களில் பல, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து விடும். மழைக்காலத்தில் அப்பளம் நமுத்துப் போவதில்லையா, அது போல. அப்படியே ஓட விட்டால் பூச்சு உரிந்து, பாட்டும் போய் விடும். நிபுணர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சுமார் 54 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் பக்குவமாகச் சூடு காட்டுகிறார்கள். ஈரம் போனதும் நாடா தேறி விடும். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். அதற்குள் பிரதி எடுத்து விட வேண்டும்!

எல்லா நாடாவுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. 2008-ல் ஹாலிவுட்டின் யுனிவர்ஸல் ஸ்டுடியோவில் பிடித்த தீயில் மூல ஒலிநாடாக்கள் பல அழிந்தன.

பிழைத்தவற்றுக்கு மட்டும் நல்ல காலம் பிறந்தது. சினிமா பார்ப்பதற்கென்று வீடுகளில் ஐந்தாறு ஒலிபெருக்கிகள் வைக்கும் வழக்கம் வந்தது. புதுத் தட்டுகளில் நாலு சத்தத்தையும் பிசைய வேண்டியதே இல்லை. நாலும் தனித்தனி அறையில் குடியிருக்கும். 2003-ல் இந்த இசைக்கு ஜேம்ஸ் கத்ரி என்பவர் 5.1 என்ற முறையில் புதுக் கலவை செய்தார். 2011-ல் பார்ஸன்ஸின் பழைய கலவையே கசிவில்லாமல் புதுத் தட்டில் வெளிவந்தது. 2016-ல் அமெரிக்காவின் 'ஷிகாகோ' கோஷ்டியாரின் ஒன்பது இசைத்தட்டுகள் நாலு மூலைக் கலவையில் ஒரே பெட்டியாக வந்தன. ஆகவே, 1974-ல் யந்திரம் வைத்திருந்த பணக்காரருக்குக் கூடச் சரியாகக் கேட்காதது, இன்று நம் வீட்டுக் கூடத்தில் கேட்கிறது!

சென்ற ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டில் அதுதான் நடந்தது. அவர் பெண் அந்தத் தட்டை வரவழைத்திருந்தாள். சினிமாவுக்கென்று வாங்கிய ஐந்து ஒலிபெருக்கிகளைச் சித்தியின் தையல் டேப்பால் அளந்து வைத்தோம். நட்ட நடுவில் நாற்காலி. சித்தப்பா வேஷ்டியைச் சரிசெய்து கொண்டு, பரீட்சைக்கு உட்காருகிறவரைப் போல உட்கார்ந்தார்.

இசை தொடங்கியது. எதிரே நடுவில் இருந்த பெட்டி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"இதென்ன, ரிப்பேரா?" என்றாள் சித்தி, சமையலறை வாசலிலிருந்து.

ரிப்பேர் இல்லை. அது சினிமாவில் வசனம் பேசுகிற பெட்டி. நாலு மூலைக் கலவையில் அதற்கு வேலை கிடையாது.

சித்தப்பா தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். பின்பு ரிமோட்டை எடுத்து நிறுத்தி விட்டார்.

"எல்லாம் ஒரே பக்கமிருந்துதான் வருகிறது" என்றார்.

எங்கள் எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருஷமாக அவருக்கு வலது காது கேட்பதில்லை. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மனசு கண்டுபிடிப்பது இரண்டு காதுகளையும் ஒப்பிட்டுத்தான். ஒரு காது போனால் நாலு மூலையும் ஒரே மூலைதான். ஐம்பது வருஷம் காத்திருந்தார். யந்திரம் வந்தது, காது போய் விட்டது.

யாரும் பேசவில்லை. சித்தப்பாதான் எழுந்தார். நேரே சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தார்.

"நீ வந்து உட்கார்" என்றார் சித்தியிடம்.

"நன்றாயிருக்கிறது! எனக்கு என்ன தெரியும் இதிலே?"

"எது எங்கேயிருந்து வருகிறது என்று சொல். அது போதும்."

சித்தி கையைத் துடைத்துக் கொண்டு வந்து உட்கார்ந்தாள். கடிகாரங்கள் மணியடித்தபோது சட்டென்று திரும்பி முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு விரலை நீட்ட ஆரம்பித்தாள். "அதோ… இப்போது இங்கே… இது பின்னாலே…" சித்தப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் விரல் போன பக்கமெல்லாம் பார்த்துக் கொண்டிருந்தார். காசுச் சத்தம் அறையைச் சுற்றி நடந்தபோது விரலும் கூடவே சுற்றியது.

"அடுப்படியிலிருந்து கேட்டால் வெறும் இரைச்சல்தான். இத்தனை கடிகாரம் இருக்கிறதென்று ஏன் நீங்கள் சொல்லவே இல்லை?" என்றாள் சித்தி.

"எனக்கு மட்டும் தெரியுமா என்ன?" என்றார் சித்தப்பா.

தட்டு 43 நிமிஷம் ஓடியது. அன்று சமையல் ஒரு மணி நேரம் தாமதம். சாப்பிட உட்கார்ந்த பிறகும், காசுச் சத்தம் எந்த மூலையில் ஆரம்பித்தது என்று இருவருக்கும் தகராறு தீரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போட்டுப் பார்த்து விடுவது என்று முடிவாகியிருக்கிறது.