முத்திரையில் ஏறிய நாய்

பாசிக்குடாவில் தோணி கரை தட்டும் வேளையில் முதலில் ஓடிவந்து வரவேற்பவர் வீட்டார் அல்லர், நாய்தான். ஆழமற்ற நீரில் நெடுந்தூரம் இறங்கி வந்து, வாலை ஆட்டி, தோணிக்காரரோடு சேர்ந்தே கரையேறும். அதற்குக் குலமும் இல்லை, கோத்திரமும் இல்லை.

அண்மையில் அயல்வீட்டு மாணவன் ஒருவன் தன் முத்திரைச் சேகரிப்பைக் கொணர்ந்து, “நாயையும் முத்திரையிற் போடுவார்களோ, ஐயா?” என வினவினான். போடாமலென்ன!

முதலில் அப்பெருமையை அளித்தவர்கள் நம்மைப்போலக் கடலை நம்பி வாழ்ந்த மக்களே. வட அத்திலாந்திக்கிலுள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவினர் 1887ஆம் ஆண்டில் அரைச் சத முத்திரை ஒன்றில் தம் நாயின் தலையைப் பொறித்தனர். நீச்சலில் வல்ல அந்நாய் மீனவருக்கு உற்ற துணை. வேடிக்கை என்னவெனில், கடல்நாய்க்கு அவர்கள் 1865இலேயே முத்திரையில் இடம் தந்துவிட்டனர். வீட்டு நாய்தான் இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தது!

தென் அத்திலாந்திக்கில் திரிஸ்தான் த கூனா என்றொரு தீவு உண்டு. இன்றும் அங்கு விமான நிலையம் இல்லை. கேப் டவுனிலிருந்து கப்பலில் ஏறினால் ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். குடிகள் இருநூற்றைம்பதுக்கு உட்பட்டவரே. பணப் புழக்கம் அரிதாயிருந்த அத்தீவுக்கென 1946இல் வரையப்பட்ட மாதிரி முத்திரையில், ஒரு பென்னி என்பதோடு நான்கு உருளைக்கிழங்கு என்றும் விலை குறித்திருந்தனர். அதற்கு அனுமதி கிட்டவில்லை. முறையான முத்திரை 1952இலேயே வந்தது. ஆடு மேய்க்க உதவும் தம் நாய்களையும் அத்தீவினர் பின்னாளில் முத்திரையில் ஏற்றினர்.

அந்நாய்களின் கதையில் ஒரு துயரமும் உண்டு. 1961இல் எரிமலை குமுறவே, தீவினர் அனைவரும் இங்கிலாந்துக்கு அகற்றப்பட்டனர். நாய்கள் பின்தங்கின. 1963இல் மக்கள் மீண்டபோது மேய்ப்பதற்கு ஆடுகள் இல்லை. பசித்த நாய்கள், தாம் காத்த மந்தையையே தின்று தீர்த்திருந்தன.

அவற்றைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. 1990இல் போருக்கு அஞ்சி மட்டக்களப்பின் ஊர்கள் பல காலியானபோது, குழந்தையைத் தூக்கினோம், உறுதிப் பத்திரத்தை எடுத்தோம். நாயை யார் எண்ணினோம்? சிறிது தூரம் பின்னால் ஓடிவந்து, பின்பு தெருவில் நின்றுவிட்டது என்று சொல்பவர்கள் இன்றும் நம்மிடையே உளர்.

தமிழ்நாட்டு நாயொன்றும் முத்திரை கண்டிருக்கிறது. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்குமுடைய இராஜபாளையம் நாயை, முதோல், இராம்பூர், இமாலய நாய்களோடு சேர்த்து இந்திய அஞ்சல் துறை வெளியிட்டது 2005 ஜனவரி 9இல். அன்று நம் கரையில் கடல் பொங்கிப் பதினான்கு நாட்களே ஆகியிருந்தன. முத்திரையைப் பற்றி அப்போது இங்கே யார் பேசுவார்? ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தோம்.

இவற்றையெல்லாம் கேட்டுச் சென்ற மாணவன் மறுநாள் திரும்பி வந்தான். சேகரிப்பின் கடைசிப் பக்கத்தில், பல் விளிம்போடு பென்சிலால் தானே ஒரு முத்திரை வரைந்திருந்தான். ஒரு காது மடிந்த அவன் வீட்டு நாய். கீழே ‘பாசிக்குடா’ என்ற எழுத்து.

விலை, நான்கு சூடை மீன்.