1,15,627 வாக்குகளும் ஒரு தன்னார்வ ஆணையமும்

அமெரிக்க நகரங்களில் இயங்கும் மனித உரிமை ஆணையம் என்பது சம்பளம் வாங்காத குடிமக்கள் கூடி உட்காரும் சபை. மேயரும் நகர்மன்றமும் உறுப்பினர்களை நியமிக்கிறார்கள். பகலில் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டு மாலையில் கூட்டத்துக்கு வருகிறவர்களே அதில் அதிகம். வாடகை வீடு, வேலைவாய்ப்பு, கடை, உணவகம் என எங்கே பாகுபாடு நடந்தாலும் அதை நகர்மன்றத்தின் காதில் போடுவது இவர்களின் கடமை. 1943 ஜூனில் டெட்ராய்ட் இனக் கலவரம் 34 உயிர்களைக் குடித்த பிறகுதான் இத்தகைய குழுக்கள் நகரம் நகரமாக முளைத்தன.

2025 ஜனவரி 20, 21 தேதிகளில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த நிர்வாக ஆணைகள் பன்முகத்தன்மை, சமத்துவம், உள்ளடக்கம் தொடர்பான திட்டங்களை ஒன்றிய அரசிலிருந்து துடைத்தெடுத்தன. அரசு ஒப்பந்ததாரர்கள் வேலைக்கு ஆள் எடுப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1965-இல் அதிபர் ஜான்சன் போட்ட ஆணையும் அதில் ரத்தானது. வாஷிங்டனே இறக்கி வைத்த சுமையை நகராட்சிகள் ஏன் தூக்கித் திரிய வேண்டும், அதிகாரமில்லாத தன்னார்வக் குழுவால் என்ன ஆகப்போகிறது என்ற வாதம் அதன் பிறகு உரக்கக் கேட்கிறது. இந்த வாதத்துக்கு சியாட்டில் நகரத்தின் ஐந்து ஆண்டு வரலாறே போதுமான பதில்.

சியாட்டிலின் பழைய வீட்டுப் பத்திரங்கள் பலவற்றில் ஒரு நிபந்தனை இருக்கும். இந்த மனையை வெள்ளையர் அல்லாத எவருக்கும் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. பாத்திரம் தேய்க்க வருகிறவர் அந்தக் கூரையின் கீழ் படுத்துக்கொள்ளலாம், அந்த வீட்டை வாங்க முடியாது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. ஆனால் தரகர்களும் வங்கிகளும் அண்டை வீட்டாரும் அதே வேலையைப் பத்திரத்தின் துணையில்லாமலே செய்து முடித்தார்கள். நகரத்தின் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட் என்ற ஒரே பகுதிக்குள் அடைபட்டார்கள்.

1962-இல் மேயர் கார்டன் கிளின்டன் அமைத்த ஆலோசனைக் குழு, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாட்டைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை மேஜையிலேயே கிடந்தது. 1963 ஜூலை 1 அன்று சுமார் 400 பேர் நகர மண்டபம் நோக்கி ஊர்வலம் போனார்கள். அவர்களில் 35 இளைஞர்கள் மேயர் அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஏறக்குறைய ஒரு முழு நாள் அங்கிருந்து அசையவில்லை. சியாட்டில் கண்ட முதல் உள்ளிருப்புப் போராட்டம் அது. அடுத்த இரண்டே வாரங்களில், ஜூலை 17 அன்று, நகர்மன்றம் 12 பேர் கொண்ட மனித உரிமை ஆணையத்தை உருவாக்கியது. அந்த 12 பேரில் கறுப்பினத்தவர் இரண்டே பேர். இதைக் கண்டித்து மீண்டும் நகர்மன்றக் கூடத்தில் மறியல், இம்முறை கைதுகள். ஆக, இந்த ஆணையம் யாரும் மனமிரங்கிக் கொடுத்த கொடை இல்லை. தரையில் உட்கார்ந்து வாங்கியது.

ஆணையத்தின் முதல் பெரிய வேலை வீட்டுப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின் வரைவை எழுதுவது. எழுதிக் கொடுத்தார்கள். நகர்மன்றத்தில் அதற்குத் துணிவாக வாதாடியவர் விங் லூக். சீனாவில் பிறந்து, சியாட்டிலில் சலவைக்கடை நடத்திய குடும்பத்தில் வளர்ந்து, 1962-இல் நகர்மன்றத்துக்குத் தேர்வானவர். 1965-இல் விமான விபத்தில் இறந்துபோனார். அவருடைய சகாக்களில் பலருக்கு அந்தத் துணிவு இல்லை. சட்டத்தைத் தாங்களே நிறைவேற்றும் பொறுப்பிலிருந்து நழுவி, மக்களே முடிவு செய்யட்டும் என்று பொதுவாக்கெடுப்புக்குத் தள்ளிவிட்டார்கள்.

1964 மார்ச் 10. எதிர்த்து 1,15,627 வாக்குகள், ஆதரித்து 54,448. வித்தியாசம் 61,179. நூறு பேரில் 68 பேர், பக்கத்து வீட்டுக்கு யார் குடிவரலாம் என்பதைத் தோலின் நிறம் பார்த்து முடிவு செய்யும் உரிமை தங்களுக்கு வேண்டும் என்று முத்திரை குத்தினார்கள். இந்த எண்ணைச் சாதாரணத் தேர்தல் முடிவாகக் கடந்துபோவது தவறு. தெற்கே மிசிசிப்பியில் விழுந்த வாக்குகள் அல்ல இவை. முற்போக்கு நகரம் என்று பெயர் எடுத்த, விமானம் கட்டும் தொழிலாளர்களும் பல்கலைக்கழகமும் நிறைந்த, இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் உலகக் கண்காட்சி நடத்தி உலகையே வரவேற்ற ஊரில் விழுந்தவை. பக்கத்து ஊரான டகோமாவில் ஒரு மாதத்துக்கு முன்பே இதே கதை. அங்கே தோல்வி இன்னும் மோசம். அதே ஆண்டு நவம்பரில் கலிஃபோர்னியா வாக்காளர்கள் ஏற்கெனவே நடைமுறையில் இருந்த வீட்டுரிமைச் சட்டத்தையே வாக்கெடுப்பு மூலம் முடக்கினார்கள். அந்த வாக்கெடுப்பின் முடிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1967 ஆனது.

சிறுபான்மையினரின் குடியிருக்கும் உரிமையைப் பெரும்பான்மையின் வாக்குப்பெட்டியில் போடுவது ஜனநாயகம் ஆகாது. அது அடைத்த கதவுக்கு இன்னொரு பூட்டு. சொத்துரிமை, கட்டாயக் குடியேற்றம் என்றெல்லாம் அன்று ரியல் எஸ்டேட் தரப்பு சொன்ன சொற்களுக்கு நேர்மையான பொருள் ஏதும் கிடையாது. எந்த உரிமையாளரும் வீட்டை விற்றே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. விற்பதாக அறிவித்த வீட்டை நிறம் பார்த்து மறுக்காதே என்று மட்டுமே சொன்னது. இன்று உள்ளூர் ஆணையங்களைக் கலைக்கச் சொல்கிறவர்களும் அதே சொற்களுக்குப் புதுச் சாயம் பூசி எடுத்து வருகிறார்கள்.

தோற்றுப்போன வரைவை வைத்துக்கொண்டு சம்பளமில்லாத 12 பேர் என்ன செய்ய முடியும்? ஆணையம் கலையவில்லை. புகார்கள் வந்துகொண்டிருந்தன, கூட்டங்கள் நடந்தன. வெளியே தேவாலயங்களிலும் குடிமக்கள் குழுக்களிலும் இருந்த தன்னார்வலர்கள், நிறம் பாராமல் விற்கத் தயாராக இருந்த வீட்டுக்காரர்களின் பட்டியலைத் திரட்டி, வீடு தேடிய கறுப்பினக் குடும்பங்களிடம் சேர்த்தார்கள். பரபரப்பில்லாத வேலை, பத்திரிகைகளில் தலைப்பாகாத வேலை. 1967-இல் சாம் ஸ்மித் நகர்மன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானார். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 11 அன்று ஒன்றிய அரசின் வீட்டுரிமைச் சட்டம் கையெழுத்தானது. ஏப்ரல் 19 அன்று சாம் ஸ்மித் முன்மொழிந்த சட்டத்தை சியாட்டில் நகர்மன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. அதில் அவசரப் பிரிவு ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்தது: சட்டம் உடனே அமலுக்கு வரும், பொதுவாக்கெடுப்புக்கு இடமில்லை. அந்தச் சட்டத்தின் உயிர் இந்தப் பிரிவில்தான் இருந்தது. 1964 கற்றுக்கொடுத்த பாடம் ஒரே பத்தியில் அடங்கிவிட்டது.

துக்கத்தின் பதினைந்து நாட்களில் நகர்மன்றத்தால் சட்டம் இயற்ற முடிந்ததற்குக் காரணம், ஐந்து ஆண்டுகளாக அந்தக் கேள்வியை ஆறவிடாமல் யாரோ ஊதிக்கொண்டிருந்ததே. கிங்கின் மரணமும் ஒன்றிய அரசும்தான் காரணம், ஆணையத்துக்கு அதில் பங்கில்லை என்று சிலர் வாதிடலாம். வீட்டுரிமைச் சட்டம் என்ற ஒன்று எழுதக்கூடியது என்பதையே அந்த ஊருக்குக் காட்டியது எது என்று அவர்கள் சொல்லட்டும்.

வீட்டில் தொடங்கிய அந்தச் சட்டத் தொகுப்பு பிறகு வேலை, பொது இடம் என்று விரிந்தது. புகார்களை இப்போது நகரத்தின் குடிமை உரிமைகள் அலுவலகம் விசாரிக்கிறது. பாகுபாடு நடந்ததற்கு முகாந்திரம் இல்லை என்று அலுவலகம் கைவிரித்தால், புகார்தாரர் மேல்முறையீட்டுக்குப் போவது இந்தத் தன்னார்வ ஆணையத்திடம்தான். வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்க வழியில்லாத ஒரு வாடகைதாரர், தன்னைப் போன்ற சக குடிமக்கள் முன் கோப்பை மறுபடி திறக்கச் சொல்லிக் கேட்க முடிகிறது. ஆணையத்தை அலங்காரம் என்று சொல்கிறவர்கள் இந்த ஓர் அதிகாரத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

தமிழருக்கும் தெற்காசியருக்கும் நேரடியாகத் தொடர்புள்ள திருத்தம் 2023 பிப்ரவரி 21 அன்று வந்தது. பூனாவில் பிறந்த நகர்மன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்த் கொண்டுவந்த அந்தத் திருத்தம் 6-க்கு 1 என்ற கணக்கில் நிறைவேறி, சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமானது சியாட்டில். அதே ஆண்டு செப்டம்பரில் ஃப்ரெஸ்னோ பின்தொடர்ந்தது. கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மாநில மசோதாவையோ ஆளுநர் நியூசம் அக்டோபரில் திருப்பி அனுப்பிவிட்டார். இருக்கிற சட்டங்களே போதும் என்பது அவர் சொன்ன காரணம். இந்துக்களைக் குறிவைக்கும் சட்டம் என்று எதிர்த்த அமைப்புகளின் வாதமும் நிற்காது. சாதி பார்த்து வேலை மறுக்காதவருக்கு இந்தச் சட்டத்தால் எந்த இடரும் இல்லை. மாநிலம் தயங்கிய இடத்தில் நகரம் முன்னால் நடந்தது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

மாநிலங்கள் பின்வாங்குவதும் நடக்கிறது. ஐயோவா 2025-இல் தன் குடிமை உரிமைச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து பாலின அடையாளத்தை நீக்கியது; அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுவே. ஆனால் 29,000 அல்லது அதற்கு மேல் மக்கள்தொகை கொண்ட ஒவ்வொரு நகரமும் சுதந்திரமான குடிமை உரிமை அமைப்பு ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே ஐயோவாவின் சட்டத்தில் உள்ள விதி. மற்ற 49 மாநிலங்களும் இந்த வரம்பை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆணையங்களுக்கு முழுநேர ஊழியர், சட்ட வரைவை நேரடியாக நகர்மன்றத்தில் வைக்கும் அதிகாரம், மேல்முறையீட்டை விசாரிக்கும் உரிமை மூன்றும் தரப்பட வேண்டும். அவை கொண்டுவரும் எந்தப் பாதுகாப்பையும் பொதுவாக்கெடுப்புக்கு அனுப்பக் கூடாது என்று நகரச் சாசனத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.