நாலு ஆலையில் என்ன தெரியும் என்று கேட்பவருக்கு

சமூகவியலாளர் மைக்கேல் புராவோய் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையைப் படித்தேன். உலகமயமாதலை ஆராயக் கிளம்பியவர் நாலு ஆலைகளில் கூலி வேலை பார்த்ததையே ஆய்வு என்று சொல்லிக்கொண்டார். அவர் பார்த்த உலகமும் மறைந்துவிட்டது. தொழிலாளியை அறிய இனி தரவு போதும் என்கிறார் கட்டுரையாளர். மிடுக்கான நடை. தான் எள்ளும் நூல்களில் ஒன்றையாவது புரட்டியதற்கான தடயம்தான் இல்லை.

1974-ல் சிகாகோ அருகே ஓர் எஞ்சின் ஆலையில் இயந்திரத் தொழிலாளியாகச் சேர்ந்து புராவோய் பத்து மாதம் வேலை பார்த்தார். பீஸ் ரேட் கூலி. இலக்கில் 140 சதவீதத்துக்கு மேல் யாரும் உற்பத்திக் கணக்குக் காட்டமாட்டார்கள். காட்டினால் மேலிடம் ரேட்டைக் குறைத்துவிடும். மிச்சத்தைக் கமுக்கமாக ஒதுக்கிவைத்து, சிரமமான வேலை வரும் நாளில் கணக்கில் சேர்ப்பார்கள். தரவு மட்டும் பார்க்கிறவர், தொழிலாளியின் திறன் 140-தான் என்று அறிக்கை எழுதிவிட்டுப் போவார். அது தொழிலாளிகளே போட்டுக்கொண்ட கோடு என்பது பக்கத்து மெஷினில் நின்றவருக்குத்தான் தெரியும். இந்த ஆட்டத்தை முதலில் இளக்காரமாகப் பார்த்த புராவோயே சீக்கிரம் அதில் மூழ்கிப்போனார். மேலே யாரும் விரட்டாதபோதும் ஆள் ஏன் இப்படி உழைக்கிறான் என்ற கேள்விக்கு அங்கேதான் விடை கிடைத்தது. நிர்வாகத்தை ஏய்ப்பதாக நினைத்து ஆடும் ஆட்டமே நிர்வாகத்துக்கு வேண்டிய உழைப்பைக் கறந்து கொடுத்துவிடுகிறது. இந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதி 1979-ல் வந்த நூலைப் படித்துவிட்டு, இன்னும் இரண்டு ஆர்டர் முடித்தால் இன்சென்டிவ் என்று கொட்டும் மழையில் பைக் ஓட்டுகிறவரைப் பாருங்கள். எது காலாவதி?

அதே ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு முன் டொனால்ட் ராய் என்ற ஆய்வாளரும் வேலை பார்த்திருந்தார். தற்செயல்தான். ஆனால் ஒரே தளத்தை இரு காலங்களில் ஒப்பிட அது வழிவிட்டது.

புராவோய் பார்த்த உலகம் மறைந்துவிட்டதாம். 1980-களில் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸ் நகரில், லெனின் எஃகு ஆலையில் அவர் உலைத் தொழிலாளி. பிரதமர் வருகிறார் என்று குழுவையே பெயின்ட் அடிக்க விட்டார்கள். இவருக்குக் கிடைத்தது கறுப்பு பெயின்ட் பிரஷ். மண்வாரிகளுக்கு அதையே அடித்தார். சோஷலிசம் கட்டுவதாகச் சொன்னவரை, கட்டவில்லை, பூசுகிறாய், அதுவும் கறுப்பாக என்று சக தொழிலாளி கேலி செய்தார். ஆட்சி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை உலையடியில் நின்றவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதை, அந்த ஆட்சி விழுந்த 1989-க்கு முன்பே நேரில் கேட்டவர் அவர். அந்தத் தொழிலாளர்கள் ஜனநாயக சோஷலிசத்தை நோக்கிப் போவார்கள் என்ற அவரது எதிர்பார்ப்பு பொய்த்தது. கட்டுரையாளர் அதைப் பிடித்திருந்தால் விவாதிக்க ஏதாவது கிடைத்திருக்கும். படித்திருந்தால் அல்லவா பிடிப்பதற்கு!

தொழில்நுட்பமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது அடுத்த முழக்கம். புராவோயின் மாணவி சிங் குவான் லீ, ஒரே நிறுவனத்தின் ஹாங்காங் ஆலையிலும் ஷென்ஜென் ஆலையிலும் பெண் தொழிலாளர்களோடு வேலை செய்தார். நுட்பம் ஒன்று, முதலாளி ஒன்று. ஷென்ஜெனில் கெடுபிடியும் தண்டனையும். ஹாங்காங்கிலோ குடும்பப் பொறுப்புக்கு விட்டுக்கொடுத்து வேலை வாங்கும் நிர்வாகம். ஷென்ஜெனில் கிராமத்திலிருந்து வந்த இளம்பெண்கள், ஹாங்காங்கில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நடுவயதுத் தாய்மார்கள். இந்த வித்தியாசத்தை மெஷினுக்குள் எங்கே தேடுவது?

கடைசியாக, புராவோய்க்கு எண்கள் என்றால் பயமாம். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த கையோடு, 1968-ல் ஸாம்பியாவின் செம்புச் சுரங்கத் தொழிலில் பணியாளர் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தவர் அவர். நாடு விடுதலையாகி நாலு ஆண்டுதான். ஒரு பதவிக்கு ஸாம்பியர் வந்ததும் அதன் அதிகாரத்தை உருவிவிட்டு, அதுவரை இருந்த வெள்ளை அதிகாரிக்கு மேலே புது நாற்காலி போட்டுக்கொடுத்ததை உள்ளிருந்து பார்த்து 1972-ல் எழுதினார். கட்டுரையாளர் போற்றும் தரவு அன்றும் இருந்தது. அதில் பதவி பெற்ற ஸாம்பியரின் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போனது.