ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடுமா?

"அக்கா, ஒரு ஃபார்மட் அடிச்சிடட்டா? சரியாயிடும்."

போன மாதம் எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் காதில் விழுந்தது இது. கேட்டவன் இருபது வயதுப் பையன். அக்காவின் 32 ஜிபி பென் டிரைவில் மகளின் வளைகாப்புப் படங்கள். படங்கள் எல்லாம் ஒழுங்காகத் திறந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் செருகும்போதெல்லாம் "இந்த டிரைவில் சிக்கல் இருக்கிறது, ஸ்கேன் செய்து சரிசெய்யவும்" என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அக்காவுக்கு ஃபார்மட் என்றால் என்னவென்று தெரியாது, 'சரியாயிடும்' மட்டும் புரிந்தது. தலையை ஆட்டினார். சில விநாடிகளில் வேலை முடிந்தது. பெட்டி வருவது நின்றது, படங்களும் போயின.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். ஊரே சொல்வதைத்தான் அவனும் சொன்னான்: பென் டிரைவ் அடிக்கடி எரர் காட்டினால் ஒன்று அது கெட்டுப்போயிருக்கும், இல்லாவிட்டால் வைரஸ். எதுவானாலும் மருந்து ஃபார்மட்.

முதலில், 'எரர் வருகிறது, அதனால் டிரைவ் கெட்டுவிட்டது' என்பதைப் பார்ப்போம். அக்காவுக்கு வந்த அந்தப் பெட்டி பெரும்பாலும் டிரைவின் உடல்நிலையைப் பற்றியதே அல்ல. பென் டிரைவில் எழுதத் தொடங்கும்போது விண்டோஸ் அதில் ஓர் அடையாளம் போட்டு வைக்கும். 'டர்ட்டி பிட்' என்று பெயர். வேலை முடிந்து முறையாக வெளியே எடுத்தால் அந்த அடையாளம் அழியும். பாதியில் பிடுங்கினால் அப்படியே நிற்கும். மளிகைக்கடையில் அன்றைய கணக்கை முடிக்காமல் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனது மாதிரி. கல்லாவில் பணம் குறைந்திருக்க வேண்டியதில்லை, கணக்கு முடியவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை செருகியதும் விண்டோஸ் அடையாளத்தைப் பார்த்துவிட்டு, 'எதற்கும் ஒரு தடவை சரிபார்த்துவிடலாமா?' என்று கேட்கிறது. நாமோ 'ஸ்கேன் செய்யாமல் தொடர்' என்பதை அழுத்தி அனுப்பிவிடுகிறோம். அடையாளம் போகாது. நாளைக்கும் கேட்கும், நாளை மறுநாளும் கேட்கும். டிவியில் செருகிப் படம் பார்த்துவிட்டு அப்படியே உருவுகிற வீடுகளில் இந்தப் பெட்டி நிரந்தர விருந்தாளி.

சந்தேகமிருந்தால் கட்டளைச் சாளரத்தில் 'எஃப்எஸ்யுடில் டர்ட்டி குவரி' என்ற கட்டளையோடு டிரைவின் எழுத்தையும் ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். அடையாளம் இருக்கிறதா இல்லையா என்று ஒரே வரியில் சொல்லிவிடும்.

ஃபார்மட் 'வேலை செய்கிறது' என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் இங்கேதான் புரிகிறது. ஃபார்மட் செய்தால் எல்லாவற்றோடும் சேர்ந்து அந்த ஒரு பிட்டும் அழிகிறது. பெட்டி வராமல் போகிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. கொளுத்திய பிறகும் பிடுங்குகிற பழக்கம் போகாவிட்டால் ஒரே வாரத்தில் பெட்டி திரும்ப வரும். செய்ய வேண்டியது: முதலில் ஃபைல்களை வேறிடத்தில் காப்பி எடுத்துக்கொள்வது, பிறகு ஸ்கேனுக்குச் சரி சொல்வது. வரிசையை மாற்ற வேண்டாம். சரிசெய்கிறேன் என்று இறங்கும் 'செக்டிஸ்க்', சொந்தக்காரர் தெரியாத துண்டுகளை எல்லாம் அள்ளி, பெயர் இழந்த சிஎச்கே ஃபைல்களாக ஒரு ஃபோல்டரில் கொட்டிவிடும் வாய்ப்பு உண்டு.

இன்னொரு பெட்டி இருக்கிறது: 'பயன்படுத்துமுன் டிஸ்கை ஃபார்மட் செய்ய வேண்டும்.' இதற்குக் கீழ்ப்படிவதுதான் ஒரே வழி என்று நினைப்பவர்கள் அதிகம். விண்டோஸ் உண்மையில் சொல்வது 'எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை' என்பது மட்டுமே. லினக்ஸில் எக்ஸ்ட்4 முறையில் தயாரித்த டிரைவையோ, மேக்கின் ஏபிஎஃப்எஸ் டிரைவையோ செருகினாலும் இதே பல்லவிதான், உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கும். உண்மையிலேயே பழுது என்றாலும், பல நேரம் போயிருப்பது முதல் 512 பைட்டில் உள்ள பூட் செக்டர் மட்டும். பென் டிரைவ்களில் பரவலாக இருக்கும் ஃபேட்32 முறை அதற்கு ஒரு நகலை வழக்கமாக ஆறாவது செக்டரில் வைத்திருக்கிறது. எக்ஸ்ஃபேட்டும் தன் பங்குக்குப் பன்னிரண்டாவது செக்டரிலிருந்து ஒரு நகல் வைத்திருக்கிறது. 'டெஸ்ட்டிஸ்க்' என்ற இலவச மென்பொருள் அந்த நகலை முன்னால் கொண்டுவந்து வைத்தால், சில டிரைவ்கள் ஒன்றுமே நடக்காததுபோலத் திறந்துகொள்ளும்.

'எல்லாம் வைரஸ்' என்பதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 2008 இறுதியில் கிளம்பிய கான்ஃபிக்கர் பென் டிரைவ் வழியாகவும் பரவியது. டிரைவைச் செருகியதும் தானாக ஓடும் ஆட்டோரன் வசதிதான் அதற்குக் கதவு. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் பென் டிரைவுக்கு அந்தக் கதவைச் சாத்தியது. பிரின்ட் கடைகளில் இன்றும் ஒட்டிக்கொண்டு வருவது ஷார்ட்கட் வைரஸ். அது ஃபோல்டர்களை மறைத்து வைக்கும், ஸ்கேன் பெட்டியைக் கொண்டுவருவது அதன் வேலையல்ல.

'விண்டோஸ் 10 வந்த பிறகு சேஃப்லி ரிமூவ் எல்லாம் தேவையில்லை' என்கிறவர்களிடம் பாதி உண்மை இருக்கிறது. 2018 அக்டோபரில் வந்த 1809 பதிப்பிலிருந்து, எழுதுவதை நினைவகத்தில் தேக்கி வைக்காத 'குயிக் ரிமூவல்' இயல்பான ஏற்பாடாகிவிட்டது. ஆனால் பின்னணியில் எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போது உருவினால் எந்த ஏற்பாடும் காப்பாற்றாது. ஃபேட் முறை 1977-இல் பிறந்தது. என்டிஎஃப்எஸ்போல 'என்ன செய்யப் போகிறேன்' என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் பழக்கம் அதற்குக் கிடையாது. லினக்ஸில் நிலைமை இன்னும் மோசம். காப்பி முடிந்ததாகத் திரை சொன்ன பிறகும் டிரைவின் விளக்கு நெடுநேரம் மினுக்கிக்கொண்டிருக்கும். நான் நம்புவது அந்த விளக்கைத்தான்.

ஃபார்மட்டால் கிட்டவே போக முடியாத சில எரர்களும் உண்டு. வெளிப்புற ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று ஒலித்து, வந்து வந்து மறைந்தால் மின்சாரம் போதவில்லையா என்று முதலில் பாருங்கள். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்பியர்தான் தர வேண்டும் என்பது விதி, 3.0-க்கு 900. சிபியுவின் பின்பக்கத் துளையில், குட்டையான கேபிளில் மாட்டிப் பார்த்தாலே பல நேரம் தெரிந்துவிடும். அதன் பிறகும் 'டிக் டிக்' நிற்காவிட்டால் டிஸ்க்குக்கே கோளாறு, மேலே நோண்டாமல் கழற்றிவிடுவது நல்லது. சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று விற்கும் போலி பென் டிரைவ் வேறு ரகம். உள்ளே இருப்பது சில ஜிபிதான், கன்ட்ரோலர் பொய் சொல்கிறது. ஃபார்மட் அழகாக முடியும், 2 டிபி என்றே காட்டும், உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும். 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற சோதனை மென்பொருளைப் போட்டு முழுக்க நிரப்பிப் பார்த்தால் குட்டு உடையும். இன்னொன்று, 'ரைட் புரொடக்டட்' என்று அடம்பிடிக்கும் டிரைவ். பக்கவாட்டில் பூட்டு சுவிட்ச் எதுவும் இல்லையென்றால், ஆயுள் தேய்ந்த சிப் தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கலாம். அதைத் திறக்கிறேன் என்று மல்லுக்கட்டாமல், படிக்க விடுகிறதே என்று நன்றி சொல்லிக் காப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

அக்காவின் கதைக்கு வருகிறேன். பையன் செய்தது குயிக் ஃபார்மட். பட்டியலைத்தான் அது துடைக்கும், படங்களின் பைட்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். நல்லவேளையாக அவன் அதில் புதிதாக எதையும் ஏற்றவில்லை. வீட்டுக்கு வாங்கிவந்து 'ஃபோட்டோரெக்' என்ற மீட்பு மென்பொருளைப் போட்டேன். இரவு முழுக்க ஓடி, பெரும்பாலானவற்றைத் தோண்டி எடுத்தது. ஃபைல் பெயர்கள் மட்டும் வரவில்லை. எல்லாம் 'எஃப்' எழுத்தோடு ஏழெட்டு எண்கள். அக்கா இப்போது தினம் மாலையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறார். வளையல் அடுக்கும் படங்களுக்கு நடுவே, அவரே எப்போதோ அழித்த ரேஷன் கார்டு ஸ்கேனும் திரும்பி வந்திருக்கிறது.