வயலுக்கு ஒரு காத்து, ரோட்டுக்கு ஒரு காத்து



வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். டிராக்டர் கடனுக்கு எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எத்தனை எச்.பி., எத்தனை ஏக்கர், மார்ஜின் எவ்வளவு, அடமானம் என்ன என்று எல்லாம் கேட்டிருக்கிறேன். "வண்டி டயருல எவ்வளவு காத்து வைப்பீங்க?" என்று ஒருத்தரையும் கேட்டதில்லை. அது கேட்க வேண்டிய கேள்வி என்பது, ஓய்வு பெற்று மாதனூர் பக்கம் மூணு ஏக்கரில் இறங்கின பிறகுதான் புரிந்தது.

முதலில் எங்க மண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கமெல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பைக் கொட்டி வைப்பார்கள். அதைக் கழுவின தண்ணீர் எத்தனையோ வருஷமாக ஆற்றிலும் நிலத்தடியிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் "மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும்" என்று தீர்ப்புச் சொன்னது. அதே விவகாரத்துக்காக 2025 ஜனவரி 30-ஆம் தேதி அதே நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. தீர்ப்பு வரும், ஈட்டுத் தொகையும் வரும். மண் தானாகத் திரும்பி வராது.

உப்பில் இருக்கிற சோடியம் மண் கட்டமைப்பைக் குலைத்துவிடும். நனைந்தால் களித்துகள்கள் பிரிந்து சேறாகி, மண்ணில் உள்ள கண்களை அடைத்துக்கொள்ளும். காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும். இப்படிப்பட்ட மண் மற்ற மண்ணைவிட பாரத்தைத் தாங்காது.

இந்த மண்ணில்தான் ஆறு வருஷம் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி, மூடாக்கு போட்டு, ஜிப்சம் போட்டு, ஜீவாமிர்தம் விட்டேன். மெல்ல மெல்ல மண் புட்டு மாதிரி உதிர ஆரம்பித்தது. மண்புழு வந்தது. அப்புறம்தான் பழைய மினி டிராக்டர் ஒன்று வாங்கினேன். பெங்களூரு ரோட்டில் லாரிக்குப் பஞ்சர் போடும் கடையில் காத்து பிடித்தேன். "சார், நல்லா கல்லு மாதிரி வெச்சிருக்கேன்"னு பையன் சந்தோஷமாச் சொன்னான். நானும் சந்தோஷமாத்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன்.

அந்த வருஷம் கேழ்வரகு வயலில் மழை விட்ட மறுநாள் பார்க்கிறேன், சக்கரம் போன ரெண்டு வரிசையில் மட்டும் தண்ணீர் நிற்கிறது. பயிர் அங்கே மஞ்சளாகி, குட்டையாக நின்றது. ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக் குத்திப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு முழம் இறங்கின கம்பி, சக்கரத் தடத்தில் நாலு விரக்கடைக்கு மேல் இறங்கவில்லை. தோல் தொழிற்சாலை செய்தது மற்றவர் தப்பு. இந்த ரெண்டு வரிசை என் தப்பு.

கணக்கு எளிது. வங்கிக்காரனுக்கே புரிந்தது. டயரில் எவ்வளவு அழுத்தத்தில் காத்து இருக்கிறதோ, ஏறக்குறைய அதே அழுத்தம்தான் மண்ணின் மேல் விழும். 28 பிஎஸ்ஐ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2 கிலோ. 14 பிஎஸ்ஐ என்றால் 1 கிலோ. ஒரு சக்கரம் 300 கிலோ சுமக்கிறது என்று வையுங்கள். 28-இல் அது 150 சதுர சென்டிமீட்டரில் நிற்கும். 14-இல் 300 சதுர சென்டிமீட்டருக்குப் பரவி நிற்கும். பாரம் அதேதான், மண் படும் பாடு பாதி. தடம் நீளமாவதால் பிடிமானமும் கூடும். சக்கரம் சுத்திக்கொண்டே நிற்பது குறையும், டீசலும் மிச்சம்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஆரம்பத்தில் டிராக்டருக்கு இரும்புச் சக்கரம்தான். 1932-இல் அமெரிக்காவில் அல்லிஸ் சால்மர்ஸ் கம்பெனி விமான டயரைப் போட்டு, 15 பிஎஸ்ஐ அளவுக்கே காத்து வைத்து உழுது பார்த்தது. ரப்பர் டயர் வயலுக்கு வந்ததே குறைந்த காத்தோடுதான். அதை ரோட்டுக் காத்தாக மாத்தினது நம்ம வசதி.

"மாடு வெச்சு உழுதா இந்தத் தொல்லையே இல்லை" என்பார்கள் நம் நண்பர்கள். மாடு வைத்திருப்பவரைக் கும்பிடுகிறேன். ஆனால் குளம்பின் அழுத்தமும் குறைவில்லை. மாட்டின் எடை குறைவு, மிதி அங்கங்கே விழும், அதனால் ஆழம் போகாது. வண்டி ஒரே கோடாக நசுக்கிக்கொண்டே போகும். மேல்மண் எவ்வளவு இறுகும் என்பதைக் காத்து தீர்மானிக்கும். எவ்வளவு ஆழத்துக்கு இறுகும் என்பதை வண்டியின் எடை தீர்மானிக்கும். அதனால் சின்ன வண்டி நல்லதுதான், ஆனால் சின்ன வண்டி என்பதாலேயே தப்பித்துவிட முடியாது.

நான் இப்போது செய்வது இதுதான்:

1. பின் டயரில் வயலுக்கு 14, டிரெய்லர் மாட்டி ரோட்டில் போக 22. இது என் வண்டிக்கு. உங்கள் வண்டிக்குக் கையேட்டையும் டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பதையும் பாருங்கள். முன் டயருக்குக் கணக்கு வேறு.

2. குறைத்த காத்தோடு பாரம் ஏற்றி ரோட்டில் ஓட்டவே கூடாது. டயர் சூடாகி வெடிப்பு விடும். ரொம்பக் குறைத்தால் ரிம்மில் டயர் வழுக்கி, டியூபின் வால்வையே பிய்த்துவிடும்.

3. லாரிக்கு வைத்திருக்கும் கேஜ் 10, 15-ஐச் சரியாகக் காட்டாது. சின்ன அளவு காட்டும் கேஜ் ஒன்று வாங்குங்கள். கால் பம்பு ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். டயர் சூடாவதற்கு முன், காலையில் அளக்க வேண்டும். டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் வால்வை மேலே கொண்டுவந்து அளக்க வேண்டும்.

4. தடத்தைப் பாருங்கள். நடுப்பட்டன் மட்டும் அழுத்தமாகப் பதிந்தால் காத்து அதிகம். ஓரம் மட்டும் பதிந்தால் குறைவு.

5. மண்ணைக் கையில் எடுத்து உருட்டுங்கள். உருண்டையாகப் பிடித்தால் அன்றைக்கு வண்டி இறங்கக் கூடாது. ஈர மண்ணுக்கு எந்தக் காத்தும் சரியான காத்து இல்லை.

நம்மில் பாதிப் பேர் சொந்த வண்டி வைத்திருப்பதில்லை, தெரியும். வாடகை டிராக்டர் ரோட்டுக் காத்தோடு வரும். மணிக்கணக்கில் கூலி, டிரைவர் தம்பி இறங்கிக் காத்து பிடுங்கிக்கொண்டு நிற்க மாட்டார். பெரும்பகுதி இறுக்கம் முதல் தடவை சக்கரம் ஏறும்போதே நடந்துவிடும். அதனால் அவர் ஏறி இறங்குவதற்கும் திரும்புவதற்கும் ஒரே வழியைக் காட்டி, வயலெல்லாம் சுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று பேர் சேர்ந்து ஒரே நாளில் வண்டி பேசினால், காத்துக்காகப் போகும் கால் மணி நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுத்துவிடலாம். வேளாண் பொறியியல் துறை வாடகைக்கு விடும் வண்டிகளில் வயல் காத்துக்கென்று ஒரு விதி வேண்டும் என்று நம் இயக்கம் கேட்க வேண்டும். ஊருக்கு ஒரு கேஜ், ஒரு பம்பு நம் குழுக்களே வாங்கி வைக்கலாம்.

நாம் யூரியாவை நிறுத்தினோம், பூச்சிமருந்தை நிறுத்தினோம். மண்ணுக்கு உள்ளே என்ன போகிறது என்று அத்தனை கவனம். மேலே என்ன ஏறுகிறது என்று பார்க்கவில்லை. பாலாற்று உப்பை இறக்க எனக்கு ஆறு வருஷம் ஆனது. அதை ஒரே மழை நாளில் திரும்ப நசுக்க ஒரு பஞ்சர் கடைக் காத்து போதும்.

அடுத்த தடவை வயலில் இறங்கும் முன் டயரை ஒரு முறை அளந்து பாருங்கள். கம்பியும் ஒன்று எடுத்துப் போங்கள். மிச்சத்தை மண்ணே சொல்லும்.